தங்கவயலில் ஓர் இரவு தங்குங்கள்

பெங்களூரிலிருந்து காலையில் காரைக் கிளப்புகிறார்கள். கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரரைக் கும்பிடுகிறார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டடியில் நின்று நாலு படம் பிடிக்கிறார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். 2018-இல் 'கே.ஜி.எஃப்.' படம் வந்ததிலிருந்து கோலார் தங்கவயலுக்கு இப்படி வந்து போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 2024-இல் பா.இரஞ்சித்தின் 'தங்கலான்' தமிழ்நாட்டுப் பார்வையையும் இந்தப் பக்கம் திருப்பியது. 2024 கடைசியில் பெங்களூரு-சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கியபின் பயணம் இன்னும் சுருங்கிவிட்டது.

இவர்கள் மேட்டைப் பார்க்கிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்கு நீங்கள் தங்கவயலில் நுழையும்போது அந்த ஊரின் உழைப்பாளிகள் பெங்களூரில் வேலையில் இருப்பார்கள். அவர்களுடைய ரயில் இரவில் மாரிக்குப்பம் வந்து சேரும்போது நீங்கள் பெங்களூரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டைச் சுற்றிவிட்டு வருவதற்கு என்ன பொருள்? தங்கவயலைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு அங்கே தங்க வேண்டும். எங்கே தங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதைப் பார்ப்போம் என்பது அமையும்.

கோரமண்டலில் இறங்குங்கள்

சென்னை-பெங்களூரு ரயில் பாதையில் பங்காருப்பேட்டை ஜங்ஷன். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது, பதினாறு கிலோமீட்டர்தான். 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை. பெமல் நகர், கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிறுத்தங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிகிறது.

கார் இருந்தாலும் அதைப் பங்காருப்பேட்டையில் விட்டுவிட்டு இந்த ரயிலில் ஏறுங்கள் என்பேன். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சுரங்கத்தின் கதை. பழைய நாளில் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட், கோரமண்டல் என்று லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் இந்த நிலத்தைப் பாத்தி கட்டிப் பிரித்துக்கொண்டன. கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மூடி, மறைந்துவிட்டன. பெயர்கள் தெருவிலும் ஸ்டேஷன் பலகையிலும் நிலைத்துவிட்டன. கோரமண்டல் என்றதும் வங்கக் கடலோரம் நினைவுக்கு வரும். இந்தக் கோரமண்டலில் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரம். மார்கழி இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியாது.

கோரமண்டலில் இறங்கி நடக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது லைன் வீடுகள். ஒட்டிக்கொண்ட சுவர்கள், தாழ்ந்த கூரை, வாசலிலேயே பாத்திரம் துலக்கும் இடம், கொடியில் பள்ளிச் சீருடை. ஆரம்ப காலத்தில் இவை மூங்கில் தட்டி வைத்த குடிசைகள். கம்பெனி பிறகு கல்லும் சீட்டும் போட்டது. ஒரே அறைக்குள் அடுப்பு, படுக்கை, சாமி படம், குழந்தைகளின் பாடப் புத்தகம் எல்லாம். கம்பெனி இந்த வீடுகளுக்குத் தனிக் கழிப்பறை கட்டிக் கொடுக்கவில்லை. உலர் கழிப்பறையும் மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையும் இந்த ஊரில் 2000-க்குப் பிறகும் தொடர்ந்தது ஆவணப்படுத்தப்பட்ட உண்மை. கால் மணி நேரம் ஆட்டோவில் போனால் அதே கம்பெனி தன் அதிகாரிகளுக்குக் கட்டிய பங்களாக்கள்: ஓட்டுக் கூரை, கணப்பு அடுப்பு, அகன்ற வராந்தா, தோட்டம். பக்கத்தில் 1885-இல் தொடங்கிய கே.ஜி.எஃப். கிளப், கோல்ஃப் மைதானம். வெள்ளைக்காரர்கள் இந்தப் பகுதியைக் குட்டி இங்கிலாந்து என்று கொஞ்சினார்கள். பங்களாவையும் லைனையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய பயணக் கட்டுரைகளை நிறையப் படித்துவிட்டோம்.

மண்ணுக்கு அடியில் மூன்று கிலோமீட்டர்

வரலாறு கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நடக்கும்போது கால் தானாக நிற்கும். 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இந்தப் பகுதி மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் லவெல் என்கிற ஐரிஷ்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய். 1871-இல் மாட்டு வண்டியில் கோலாருக்கு வந்தார். 1873-இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கேட்டு எழுதினார். அவரிடம் பணம் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வந்த பிறகுதான் உண்மையான சுரங்கம் தொடங்கியது.

உச்ச காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் ஆண்டைகளுக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். அவர்கள் தோண்டிய ஆழம் சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாறை திடீரென்று வெடித்துச் சரியும் ஆபத்து எப்போதும் உண்டு. வெடியில் தப்பியவர்களைக் கல் தூசி பிடித்தது. சிலிகோசிஸ் என்ற பெயர் தெரியாமலேயே இருமி இருமிச் செத்தவர்கள் ஏராளம். நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

அந்தத் தங்கத்துக்காக 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். உலகத்திலேயே மிக நீளமான மின் பாதைகளில் ஒன்றாக அன்று அது இருந்தது. பெங்களூர் வீதி விளக்குக்கு மின்சாரம் வந்தது 1905-இல்தான். குடிதண்ணீருக்குப் பாலாற்றின் மேல் பேத்தமங்கலம் ஏரியைப் பிடித்தார்கள். 1965-இல் சாம்பியனில் ஹீத்கோட் சாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குக் கீழே, இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலக இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி அது. சாம்பியன் தெருக்களில் அதைச் சொல்ல ஒரு பலகை கண்ணில் படாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இதே தெருக்களில் இன்னொரு வரலாறும் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே ஊன்றி நின்ற இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியனும் முக்கியமானவை. பண்டிதர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1926-இல், அவருடைய 'தமிழன்' பத்திரிகையை ஜி.அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காப்பாற்றிய சித்தார்த்தா புத்தகசாலையும் இந்த ஊருடையது. இன்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசர் ஆய்வு நடக்கிறது என்றால் அதற்குச் சுரங்கத் தொழிலாளிகள் கூலியிலிருந்து கொடுத்த காசும் ஒரு காரணம். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். 1954-இல் அம்பேத்கர் இங்கே வந்தார். சுரங்கம் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் போய், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். தண்ணீர் இறைப்பது நின்றதும் சுரங்கம் முழுவதும் நீர் நிரம்பிவிட்டது. ஆகவே 'உள்ளே இறங்கிப் பார்க்கலாமா' என்று கேட்காதீர்கள்; யாராவது அழைத்துப் போகிறேன் என்றால் போகாதீர்கள்.

சரி, எங்கே தங்குவது?

பெங்களூரில் தங்கிவிட்டு வருவது சௌகரியம். அதனால் வரும் இழப்பை மேலே சொல்லிவிட்டேன்.

கோலார் நகரம் முப்பது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே ஓட்டல்கள் அதிகம், அறைகளும் நல்லவை. கோயில் பார்க்க வருகிறவர்களுக்குக் கோலார்தான் பொருத்தம். கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அரை நாள் போவதே தெரியாது. சோமேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்கள், அந்தரகங்கை மலை, முளபாகல் அனுமான், ஆவணி ராமலிங்கேஸ்வரர், குருடுமலைப் பிள்ளையார் என்று இரண்டு நாளுக்குத் தாங்கும். ஆனால் கோலாரில் தங்கினால் தங்கவயல் உங்களுக்குப் பத்தோடு பதினொன்றாகிவிடும்.

பங்காருப்பேட்டையில் ஸ்டேஷனை ஒட்டி லாட்ஜுகள் உண்டு. நள்ளிரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் விடியும்வரை அங்கே தங்கலாம். மற்றபடி அந்த ஊருக்குச் சாயங்காலம் போங்கள், பானிபூரிக்காக. மற்ற ஊரில் பச்சையாக இருக்கும் பானி இங்கே தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். பார்த்து ஏமாந்து ஒரே மூச்சில் குடித்தவர்கள் கண்ணில் தண்ணீர் வராமல் தப்பியதில்லை.

என் தீர்ப்பு ராபர்ட்சன்பேட்டை. மைசூர் ரெசிடென்ட் டொனால்டு ராபர்ட்சன் பெயரில் 1903 வாக்கில் திட்டமிட்டு எழுப்பிய பேட்டை அது. குறுக்குத் தெருக்கள் எல்லாம் நேர்க்கோட்டில், முதல் கிராஸ், இரண்டாம் கிராஸ் என்று எண்ணிட்டுப் போகும். புதியவர்கள் வழி தவற மாட்டார்கள். எம்.ஜி. மார்க்கெட் நடந்து போகும் தூரம். கோரமண்டலிலோ உரிகத்திலோ இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். இங்கே இருப்பவை சின்ன லாட்ஜுகள். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அறை எடுக்கும்முன் தண்ணீர் எப்போது வரும், காலையில் வெந்நீர் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். தங்கவயலில் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய கதை. தெருப் பக்கத்து அறையைவிடப் பின்பக்கத்து அறை நல்லது. மார்க்கெட் சத்தம் சீக்கிரமே தொடங்கிவிடும். ஆண்டர்சன்பேட்டை இதைவிட அமைதி. ஆனால் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர நேரம் ஆகும்.

பங்களாவில் தங்கலாமே என்று ஆசை வரும். கம்பெனி விருந்தினர் இல்லமோ கிளப்போ அதிகாரி அல்லது உறுப்பினர் வழியாகவே கிடைக்கும். தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வழிப்போக்கருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

லைன் வீட்டில் தங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அது காட்சிப் பொருள் அல்ல, குடும்பம் வாழும் வீடு. யாராவது பாசத்தோடு அழைத்தால் சாப்பிடப் போங்கள். அனுமதி கேட்காமல் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் தங்கினால் கிடைப்பது இரண்டு வேளைகள். சாயங்காலம் எம்.ஜி. மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே கடையில் பேசி முடியும். தமிழின் நடுவே ஷிஃப்ட், சாஃப்ட், மைன்ஸ், அண்டர்கிரவுண்ட் என்ற சொற்கள் வீட்டுச் சொற்களாகப் புழங்கும். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் ரயில் வரும் நேரம். மப்ளர் சுற்றிய ஆண்கள், ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு ஓடிவரும் பெண்கள், ஒவ்வொருவர் பையிலும் சாப்பாட்டு டப்பா. கடைகளுக்கு, தொழிற்சாலைகளுக்கு, செக்யூரிட்டி வேலைக்கு, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். முந்தின ஸ்டேஷனிலேயே ஏறியவர் நண்பருக்காக இடம் போட்டு வைத்துக் கூப்பிடுவார். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாட்டன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார், பேரன் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறார். இந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் தங்கவயலைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதன்பிறகு டீக்கடைக்கு வாருங்கள். வயதான ஒருவர் உட்கார்ந்திருப்பார். "ஐயா, நீங்க எந்த சாஃப்ட்ல வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கிஃபோர்டு, ஹென்றி, எட்கர் என்று வெள்ளைக்காரப் பெயர்களைத் தன் பங்காளிகளைச் சொல்வதுபோல் சொல்லத் தொடங்குவார். அவரையே ஒரு நாள் வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் நல்ல கூலி கொடுங்கள். சாஃப்டின் இரும்புக் கோபுரத்தை எங்கே நின்று பார்க்கலாம், எந்த வழியில் காவலர் தடுப்பார், ஆறு தியாகிகளின் நினைவை எங்கே போற்றுகிறார்கள், புத்த விகாரைக்கு எப்படிப் போவது என்று அவருக்குத்தான் தெரியும்.

சயனைடு மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த கல் மாவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேல். மழை கீறிய பள்ளங்களோடு சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கின்றன. படத்தில் அழகாக விழும். ஆடிக் காற்றில் அந்த மாவு லைன் வீடுகளின் சோற்றிலும் மூச்சிலும் விழுகிறது. குழந்தைகளை மேலே ஏற்றாதீர்கள், ஓரங்கள் சரியும். கார்த்திகை முதல் மாசி வரை போவது நல்லது.

தெற்கு ஸ்பெயினில் நடந்தது இங்கே நடக்கக் கூடாதா?

தங்கவயலைத் தோண்டிய அதே ஜான் டெய்லர் அண்டு சன்ஸ், அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே தெற்கு ஸ்பெயினில் லினாரெஸ் என்ற ஊரில் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர்கள். அதே அந்தலூசியா மாநிலத்தில் ரியோதிந்தோ என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. லவெல் மைசூர் அரசுக்கு மனுப் போட்ட அதே 1873-இல் அந்தச் சுரங்கத்தை ஒரு பிரிட்டிஷ் கூட்டணி வாங்கியது. அங்கும் பெல்யா விஸ்தா என்று அதிகாரிகளுக்குத் தனிக் குடியிருப்பு. அங்கும் கிளப், விளையாட்டு மைதானம். அங்கும் 1888 பிப்ரவரி 4-ஆம் தேதி, புகையையும் கூலியையும் எதிர்த்து நின்ற தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு.

இன்று அங்கே கம்பெனி ஆஸ்பத்திரி சுரங்க அருங்காட்சியகமாகிவிட்டது. பெல்யா விஸ்தாவில் 21-ஆம் எண் வீட்டை அந்தக் காலத்து நாற்காலி மேசையோடு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தாது ஏற்றிப் போன ரயில் பாதையின் ஒரு பகுதியில் பயணிகள் ரயில் ஓடுகிறது. செவில்லா, கோர்தோபா போன்ற புகழ்பெற்ற நகரங்களுக்கு வருகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கி இந்தச் சுரங்க ஊருக்கும் போய் வருகிறார்கள். அந்த நகரங்களில் கோட்டைக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கத்துப் பழைய தெருக்களில் தங்குவதற்குத்தான் போட்டி. ஊரின் நடுவே தங்குவதை அங்கே பயணிகளும் விரும்புகிறார்கள், ஊராரும் அதில் பிழைக்கிறார்கள்.

தங்கவயலில் ரயில் ஏற்கெனவே ஓடுகிறது. பங்களாக்கள் நிற்கின்றன. சாம்பியனில் கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது. கதை சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1980-இல் இருபது வயதில் பாதாளத்துக்குள் இறங்கியவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சயனைடு மேடுகளில் பதிமூன்றை, 1,003 ஏக்கர் பரப்பில், மறுபடி அரித்துத் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தங்கத்துக்கு மறுபடி வழி பிறக்கும்போது, அதைத் தோண்டிய மக்களுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். மத்திய அரசும் கர்நாடக அரசும் சேர்ந்து ஆஸ்பத்திரியை அருங்காட்சியகம் ஆக்கட்டும். இரண்டு பங்களாக்களைத் தங்கும் விடுதியாக்கி, சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளிடம் நடத்தக் கொடுக்கட்டும். லைன் வீடுகளுக்கு முதலில் கழிப்பறையும் குடிதண்ணீரும் வரட்டும்.

அதுவரை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன அறை போதும். சனிக்கிழமை மதியம் வாருங்கள், ஞாயிறு முழுக்க நடங்கள், திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் அந்த ஊர்க்காரர்களோடு கிளம்புங்கள். உட்கார இடம் கிடைப்பது கடினம். மாரிக்குப்பத்துக்கே போய் ஏறிவிடுவது நல்லது.